பதின்மூன்றாவது விலா

மலைகளுக்கு நடுவில் இருக்கிற நாரின் என்ற எங்கள் ஊரில் டாக்டராக ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு முதல் தேர்வு தலைநகரத்து மருத்துவ அகாடமியில் நடப்பதில்லை. ஷராபத் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. அதுவும் எட்டாம் வகுப்பிலேயே.

ஷராபத் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் அவரை எஜே என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்கு அக்கா என்பதற்கும் டீச்சரம்மா என்பதற்கும் அந்த ஒரு சொல்தான். ஆற்றுப் பக்கம் ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வீடு. கூடத்தில் ஒரு நீள மேசை, அதைச் சுற்றி எட்டு நாற்காலி, தலைப்பக்கம் அவருக்கு ஒன்று. ஒவ்வொரு செப்டம்பரிலும் எட்டாம் வகுப்பிலிருந்து எட்டுப் பிள்ளைகளை எடுப்பார். எடுத்தவர்களை, பள்ளிக்கூடம் முடிந்து நாடு முழுக்க எழுதுகிற அந்தப் பெரிய தேர்வை எழுதும்வரை விடமாட்டார். ஒன்பதாம் வகுப்பில் போய்க் கதவைத் தட்டினால், "வண்டி போன வருஷமே கிளம்பிடுச்சே" என்று சொல்லி, ஒரு கிண்ணம் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஒருமுறை பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர், தன் மகனோடு மெத்தை வைத்த நாற்காலி ஒன்றையும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்பதாவது நாற்காலி. எஜே அவரை உட்காரவைத்து டீயும் ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியையும் மகனையும் அவரோடேயே கீழே இறக்கிவிட்டார். எட்டு என்றால் எட்டுதான்.

எங்கள் தெரு ஜிபேக்குக்கு அந்த எட்டில் ஒன்று வேண்டியிருந்தது.

ஜிபேக்கின் அப்பா அசனாலி ஊருக்குச் சூடு அனுப்புகிற கொதிகலன் நிலையத்தில் கரி தள்ளுகிறவர். அது அவருடைய சம்பளம். அவருடைய பெயர் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எந்த விருந்திலும் ஆடு வெந்து இறங்கியதும், "அசனாலி எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வெந்த ஆட்டைத் துண்டு பிரிக்க வேண்டும். எலும்பை உடைக்கவே கூடாது. மூட்டில் கத்தியை வைத்தால் அது தானாகக் கழன்று வர வேண்டும். அதன்பிறகு இன்னார் வயதுக்கு இன்ன துண்டு என்று பார்த்து வைக்க வேண்டும். இடுப்பெலும்பு ஒரு வயதுக்கு, தொடை ஒரு வயதுக்கு, வந்திருக்கும் பெண்களில் மூத்தவருக்கு வால்கொழுப்போடு சேர்ந்த பின்துண்டு. இதில் ஒன்று இடம் மாறினால் இரண்டு வருஷம் இரண்டு வீட்டுக்கு நடுவில் பேச்சு நின்றுவிடும்.

ஆறு வயதிலிருந்து ஜிபேக் அவர் பக்கத்தில், துண்டுகளைப் போடுகிற பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் கட்டைவிரல் கண்ணை முந்திக்கொண்டு போகும். விரல் மூட்டைத் தொட்டுக் கண்டுபிடித்த பிறகுதான் கத்தி வரும். ஏழு வயதில் ஒருநாள் கேட்டாள்.

"அத்தா, உங்களுக்குக் கழட்டத் தெரியுது. திரும்ப மாட்டத் தெரியுமா?"

"வெந்த ஆட்டையா?"

"இல்ல, உயிரோட இருக்கிறதை."

"அதுக்கு டாக்டருக்குப் படிக்கணும் கண்ணு. எனக்குக் கழட்ட மட்டும்தான் தெரியும்."

அன்றைக்கு முடிவானதுதான். ஏழு வருஷமாக அந்தப் பெண் அதிலிருந்து ஒரு விரல்கூட நகரவில்லை.

இந்த வருஷம் எஜே வீட்டுத் தேர்வுக்கு இருபத்துமூன்று பிள்ளைகள் போனார்கள். நாற்பது கேள்வி. ஜிபேக் கோடை முழுக்கப் படித்தாள். மேய்ச்சல் மேட்டுக்குப் போனபோதும் புத்தகத்தோடு போனாள். குதிரைப்பால் கறக்கும்போது ரத்தத்தின் அணுக்களைச் சொல்லிக்கொண்டே கறந்தாள். இதயம், நுரையீரல், கண், காது எல்லாம் மனப்பாடம். ஒரே ஒரு பாடத்தை மட்டும் திறக்கவில்லை. எலும்புப் பாடம். "அது எனக்கு எப்பவோ தெரியுமே" என்று தாண்டிப் போய்விட்டாள்.

தேர்வு முடிந்த மறுநாள் எஜேயின் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. எட்டாவது பெயர், மருந்துக்கடைக்காரர் மகன் எமில். முப்பத்தைந்து மதிப்பெண். ஒன்பதாவது என்று ஒரு பெயர் இருந்தால் அது ஜிபேக். முப்பத்துநான்கு. ஒன்பதாவது பெயரை எஜே எழுதுவதில்லை.

விடைத்தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னாமல் குவித்துக்கொண்டிருந்தாள். அம்மா நூரிலா தாளை எடுத்துப் பார்த்தாள். எலும்புப் பகுதியில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. 'மனிதனுக்கு விலா எலும்புகள் எத்தனை ஜோடி?' பதின்மூன்று என்று எழுதியிருந்தாள்.

"இதுல என்ன தப்பு?" என்றார் அசனாலி. "பதிமூணுதானே. நான் வாழ்நாள் பூரா பதிமூணுதான் எண்ணியிருக்கேன்."

"அதானே" என்றாள் நூரிலா. "சரியாத்தானே எழுதியிருக்கா."

"ஒண்ணாவது குறைஞ்சு நான் பாத்ததில்ல. வேணும்னா நாளைக்கே ஒரு ஆட்டைப் பிரிச்சு அந்தம்மா முன்னாடி எண்ணிக் காட்டுறேன்."

ஜிபேக் மெதுவாகப் புத்தகத்தைத் திறந்து எலும்புப் பாடத்தை அவர்கள் முன்னால் தள்ளினாள். பன்னிரண்டு ஜோடி என்று போட்டிருந்தது. அசனாலி அதை இரண்டு தடவை படித்தார்.

"அச்சடிச்சவன் தூங்கிட்டான்" என்றார்.

"அத்தா, கேள்வி மனுஷங்களைப் பத்தி. நான் எழுதினது ஆட்டைப் பத்தி."

அசனாலி தன் விலாவை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். நூரிலாவுக்கு மட்டும் வேறு ஒன்று தோன்றியது.

"எனக்கு இப்பப் புரியுது" என்றாள். "ஜூலை மாசம் உங்க அக்கா மகன் கல்யாணம். ஷராபத் எஜே வந்திருந்தாங்க. நீங்க அவங்களுக்கு என்ன வெச்சீங்க?"

"விலா."

"வால்கொழுப்புத் துண்டு யாருக்குப் போச்சு?"

"அக்காவுக்கு. அவதான் பக்கத்துல உக்காந்து கையை நீட்டிட்டே இருந்தாளே. நான் என்ன பண்ண?"

"ஜூலையில அந்தம்மாவுக்கு விலாவைக் குடுத்தீங்க. செப்டம்பர்ல அந்தம்மா நம்ம பொண்ணுக்கு விலாவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. கணக்கு நேராப் போச்சு."

"அம்மா, அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு வால்கொழுப்பைப் பத்தி என்ன தெரியும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே அசனாலி நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெந்த பின்துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். எஜே மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த சாப்பாட்டைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அசனாலி, நான் துண்டு பாத்து மார்க் போடுறவ இல்ல. உங்க பொண்ணு நல்லா எழுதியிருந்தா. எமில் ஒரு மார்க் அதிகமா வாங்கியிருந்தான். அவ்வளவுதான்."

"தெரியும் எஜே. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"வால்கொழுப்போட சும்மா பாக்க வந்தீங்க."

அசனாலி தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டார். எஜே கதவுவரை வந்து வழியனுப்பினார். அவர் படியில் இரண்டு அடி வைத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆனா ஒண்ணு. உங்க அக்கா தூர்சுன் என்னைவிட ரெண்டு வயசு சின்னவ."

நூரிலாவிடம் இதை வந்து சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிவிட்டார். அடுத்த மூன்று நாளும் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஜிபேக் மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறு ஒரு தொந்தரவு. இடம் போனது போனதுதான், அழுது தீராது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் புத்தகத்தில் ஒரு எண்ணும் அப்பா கையில் ஒரு எண்ணும் இருந்தால் எதை நம்புவது? கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு எதுவுமே நிச்சயம். எனவே உயிரோடு இருக்கிறவர்களை எண்ணத் தொடங்கினாள். ஒரு நோட்டில் கோடு போட்டாள்: பெயர், வயது, வலது பக்கம், இடது பக்கம்.

முதல் ஆள் குட்டித் தங்கை. கூச்சம் தாங்காமல் உருண்டு உருண்டு சிரித்ததில் நாலாவது விலாவுக்கு மேல் எண்ண முடியவில்லை. கடைசியில் அது தூங்கிய பிறகு மதியத்தில் எண்ணினாள். அடுத்தது அப்பா. கம்பளி விரிப்பில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"எத்தனை வருது?"

"பதினொண்ணு அத்தா."

"பதினொண்ணா? ஆட்டைவிட ரெண்டு கம்மியா? பன்னெண்டுன்னு போட்டுக்கோ, புத்தகத்தோட சரியாப் போயிடும்."

"வராததை எழுதக் கூடாது."

அம்மாவுக்கும் பதினொன்று. பள்ளித்தோழிகள் நாலு பேருக்கும் பதினொன்று. பக்கத்து வீட்டுப் பெரியவர், தபால் கொண்டுவருகிறவர், எல்லாருக்கும் பதினொன்று. நானும் அந்த நோட்டில் பத்தாவது ஆளாக இருக்கிறேன். எனக்கும் அதே எண்தான். அவள் விரல் எவ்வளவு பதமாக நகர்ந்தது தெரியுமா? எங்கே அழுத்தினால் வலிக்கும், எங்கே வலிக்காது என்று அந்த விரலுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அத்தை தூர்சுன் விஷயம்தான் முடியவில்லை. அவர் எங்கள் தெருவிலேயே அகலமான ஆள். ஜிபேக் அரைமணி நேரம் தேடினாள்.

"அத்தை, ஒண்ணுகூடக் கிடைக்கல."

"எல்லாம் இருக்குடி. உள்ள பத்திரமா இருக்கு. தேடிட்டே இரு."

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

"பிடிச்சேன்."

"இப்ப இன்னும் உள்ள போயிடுச்சு."

"ஏண்டி, இதெல்லாம் அந்த ஷராபத் சொல்லி அனுப்பினதா? நான் அவளைவிட ரெண்டு வயசு சின்னவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாளாமே. சொல்லட்டும். சின்னவன்னு சொன்னா யாருக்குக் கசக்கும்?"

அத்தைக்கு நேரே, 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டாள்.

ஆக, ஆட்டுக்குப் பதின்மூன்று, புத்தகத்தில் பன்னிரண்டு, கைக்குப் பதினொன்று. பதினாலு பேரிடம் ஒரு விலா மறைந்துவிட்டது. அது எங்கே போனது என்று சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு ஜிபேக் மூன்று மாடி ஏறினாள்.

உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எஜே கதவைத் திறந்தார்.

"ஜிபேக். இடமில்லன்னு உங்கப்பாகிட்ட சொன்னேனேம்மா."

"இடம் கேக்க வரல எஜே. ஒரு விலா காணோம்."

எஜே கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து இறங்கினார். 'தூர்சுன், காணவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது. அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"உள்ள வா. செருப்பை அங்க விடு."

எட்டுப் பேரும் எட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜிபேக் சுவரோரமாக நின்றாள்.

"பிள்ளைங்களா, மனுஷனுக்கு விலா எத்தனை ஜோடி?"

"பன்னெண்டு" என்று எட்டுக் குரலும் சேர்ந்து வந்தது.

"சரி. எமில், எழுந்திரு. முதல் விலாவைத் தொட்டுக் காட்டு. உன்னோடதையே."

எமில் எழுந்தான். மார்பில் ஒரு இடத்தைத் தொட்டான், எஜேயின் முகத்தைப் பார்த்தான், இன்னொரு இடத்தைத் தொட்டான், மறுபடி முகத்தைப் பார்த்தான். கை மெல்ல மெல்ல இறங்கி வயிற்றுக்கு வந்துவிட்டது.

"அது உன் மதியச் சாப்பாடு" என்றார் எஜே. "உக்காரு. வேற யாரு?"

ஒவ்வொருவரும் தங்கள் மேலேயே தடவித் தடவிப் பார்த்தார்கள். தோளைத் தொட்டவர்கள் உண்டு, கழுத்தைத் தொட்டவர்கள் உண்டு.

"புத்தகத்துல பாத்துச் சொல்லட்டுமா எஜே?" என்றாள் ஒரு பெண்.

"நோயாளி வரும்போது புத்தகத்தைத்தான் தடவிப் பாப்பியா?"

அவர் ஜிபேக் பக்கம் திரும்பினார். "நீ எங்கேயிருந்து எண்ண ஆரம்பிச்சே?"

"இங்கேருந்து" என்று ஜிபேக் தன் நெஞ்செலும்பில் விரலை வைத்தாள். "இங்க குறுக்கால ஒரு மேடு தட்டுது எஜே. எல்லாருக்கும் தட்டுது. அதுக்குப் பக்கத்துல ஒரு விலா வந்து சேருது. அதான் முதல்னு வெச்சு எண்ணினேன். கடைசி ரெண்டும் முன்னாடி வராது, முதுகுப் பக்கம் பாதியில நின்னுரும், அதையும் சேத்துட்டேன். மொத்தம் பதினொண்ணு."

"அப்ப காணாமப் போனது எங்க?"

"கீழ இல்ல. நடுவுலயும் இல்ல. மேலதான் இருக்கணும்." அவள் விரல் மேட்டிலிருந்து மேலே நகர்ந்தது. "ஆட்டுல முதல் விலா ரொம்பக் குட்டை. கழுத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அத்தா அதைத் தனியா வைக்க மாட்டார், கழுத்தோட சேத்தே எடுத்துடுவார். ஆனா அதைத் தொட்டா தெரியும். இங்க தொட முடியல. ஏன்னா இது குறுக்க நிக்குது."

தோளிலிருந்து நெஞ்சுக்கு வரும் காறை எலும்பில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"எஜே, இந்த எலும்பு ஆட்டுக்குக் கிடையாது. நான் எத்தனையோ ஆடு பாத்திருக்கேன், இதை எந்தத் துண்டுலயும் பாத்ததில்ல. இது மனுஷங்களுக்குத்தான் இருக்கு. முதல் விலா இதுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. நான் ரெண்டாவதுலேருந்து எண்ணியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப பன்னெண்டுதான்" என்றாள். "புத்தகத்துல சரியாத்தான் போட்டிருக்கு."

"புத்தகத்தை அச்சடிச்சவர் கேட்டா சந்தோஷப்படுவார்" என்றார் எஜே.

எமில்கூடத் தன் காறை எலும்புக்கடியில் விரலை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். எஜே அவனைப் பார்த்தார், மற்ற ஏழு பேரையும் பார்த்தார். பிறகு மேசையின் தலைப்பக்கம் இருந்த தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தரையில் கரகரவென்று இழுத்து, எமிலுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் கொண்டுவந்து போட்டார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜிபேக் சுவரோரமே நின்றாள்.

"எஜே, அது உங்க நாற்காலி" என்றான் எமில்.

"தெரியும்டா. முப்பது வருஷமா வகுப்புல நின்னவ. ஓய்வு குடுத்ததுலேருந்து உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நின்னாத்தான் எனக்குப் பாடம் வரும்."

"எட்டு பேர்தானே எஜே?" என்றாள் அந்தப் புத்தகப் பெண்.

"இந்த மேசைக்கு நாற்காலி ஒன்பது. நீயே எண்ணிப் பாரு. வெளியேருந்து ஒண்ணும் வரல." ஜிபேக்கைப் பார்த்து, "ஏம்மா, நிக்கிறே? நோட்டை எடுத்துக்கிட்டு உக்காரு. அந்தப் பட்டியல்ல என் பேரு இல்லையே. வகுப்பு முடிஞ்சதும் என்னையும் எண்ணி எழுதிக்கோ."

ஜிபேக் உட்கார்ந்தாள். எப்படி உட்கார்ந்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கு நினைவில்லை. நாற்காலி இன்னும் சூடாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நூரிலா கையில் இருந்த மாவோடு மகளைக் கட்டிக்கொண்டாள். அசனாலி வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வால்கொழுப்பு வேலை செஞ்சிருக்கு" என்றாள் நூரிலா.

"அம்மா."

"நான் ஒண்ணும் சொல்லல. வேலை செஞ்சிருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்."

அடுத்த மாதம் எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். ஆடு வெந்து இறங்கியது. இந்த முறை அசனாலி, அக்கா தூர்சுனின் கை நீளும் முன்பே, பின்துண்டை எடுத்து எல்லாரும் பார்க்க ஷராபத் எஜே முன்னால் வைத்தார். தூர்சுன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "மூத்தவங்களுக்குத்தானே முதல்ல" என்று உரக்கச் சொன்னார். "நாங்க எல்லாம் சின்னப் பொண்ணுங்க." அவருக்கு விலா வந்தது.

எஜே சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். அப்பா பக்கத்தில் பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜிபேக்கைப் பார்த்து, கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஜிபேக், விலா எத்தனை ஜோடி?"

ஜிபேக் பேசினைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு, எஜே?"